சிகரெட் தாளிலிருந்து சீவாளிக்கு

ஒலிநாடாவுக்குப் பூர்வீகம் சிகரெட். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்த ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர், சிகரெட்டின் வாய்ப்பக்கத்தில் பொன்னிறப் பட்டை போட ஒரு வழி கண்டுபிடித்தவர். உலோகப் பொடியைத் தாளில் உதிராமல் பிடித்துவைக்கத் தெரிந்த ஆள். பொன்னிறப் பொடி ஒட்டுகிற இடத்தில் இரும்புப் பொடி ஒட்டாதா என்று யோசித்தவர், 1928-ல் காந்தப் பொடி பூசிய நாடாவுக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முப்பது வருஷம் முன்பே, 1898-ல், டென்மார்க்கின் வால்டெமர் பௌல்சன் எஃகுக் கம்பியில் குரலைப் பிடித்துக் காட்டியிருந்தார். ஆனால் கம்பி சிக்கு விழும், முறுக்கும், அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். தாளை வெட்டலாம், ஒட்டலாம்.

தீப்பெட்டியால் பேர் வாங்கிய கோவில்பட்டிக்கும் சிகரெட்டுக்கும் உள்ள சொந்தம் எல்லாருக்கும் தெரியும். இது வேறு வழிச் சொந்தம். ஃப்ளாய்மரின் நாடா பெர்லின், சான் பிரான்சிஸ்கோ என்று உலகம் சுற்றி, 1950-களின் கடைசியிலும் 60-களின் தொடக்கத்திலும் தென்மாவட்டத்துக் கல்யாணப் பந்தல்களுக்கும் கோயில் கொட்டகைகளுக்கும் வந்து சேர்ந்தபோது, அங்கே அதற்கு எதிரே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் காருகுறிச்சி அருணாசலம்.

1921-ல் தாமிரபரணிப் பக்கத்துக் காருகுறிச்சியில் பிறந்தவர். டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், அவரோடு சேர்ந்து வாசித்தவர். குடியேறி வாழ்ந்தது கோவில்பட்டியில். கோவில்பட்டியை வெறும் பருத்திப் பேட்டை, தீப்பெட்டி ஊர் என்று நினைப்பவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் இடைசெவல்தான் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர். கொஞ்சம் கிழக்கே போனால் விளாத்திகுளம் சுவாமிகளின் நாடு, கி.ரா. அவரிடம் சங்கீதம் பயின்றவர். மானம் பார்த்த பூமியில் பருத்தியும் கம்பும் விதைத்துவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சனங்கள், ஒரு ராகத்தின் போக்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவர்களாகவும் இருந்தார்கள். 1962-ல் 'கொஞ்சும் சலங்கை' படத்தில், எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில், எஸ். ஜானகியின் குரலோடு அருணாசலத்தின் நாயனம் ஈடுகொடுத்து ஓடிய ஆபேரிப் பாட்டு தமிழ்நாடு முழுக்க அவர் பேரைக் கொண்டுபோனது. 1964-ல் காலமானார். வயது நாற்பத்து மூன்றைத் தாண்டவில்லை. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1-ல்தான் தொடங்கியது. சில மாதங்களில் அவர் இல்லை.

நாடா இந்தப் பக்கம் பரவியதற்கும் அவர் மறைவுக்கும் நடுவே கிடைத்தது சில ஆண்டுகள். அந்தச் சில ஆண்டுகளில் ஓடிய நாடாதான் இன்றைக்கு நமக்கு அவருடைய நீண்ட வாசிப்பைத் தருகிறது.

நீண்ட வாசிப்பு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 78 சுற்றுத் தட்டில் பக்கத்துக்கு மூன்று, மிஞ்சினால் மூன்றரை நிமிஷம். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி தட்டில் வந்து வீடு வீடாகப் போனது உண்மைதான். ஆனால் திருவீதியில் ராத்திரி முழுக்க ஓடக்கூடிய ஒரு தோடிக்கு அது விலாசச் சீட்டு. நாயனம் என்கிற வாத்தியமே நின்று நிதானிக்கிற வாத்தியம். வாசிப்பவர் ஒரு சுரத்தில் ஏறி உட்கார்ந்து, அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கேட்பவனுக்குப் பொறுமை போகும் நேரத்தில் அடுத்த சுரத்தைத் தொடுவார். அந்தப் பொறுமையும் சங்கீதத்தில் ஒரு பங்கு. ஏழு அங்குல ஸ்பூல் ஒன்றில் 1200 அடி நாடா இருக்கும். விநாடிக்கு 19 செ.மீ. வேகத்தில் ஓடவிட்டால் ஒரு பக்கம் 32 நிமிஷம். வேகத்தைப் பாதியாக்கினால் 64 நிமிஷம். ஒரு ராக ஆலாபனை தன் முழு உயரத்தில் நிமிர்ந்து நிற்க முதல்முதலாக இடம் கிடைத்தது.

ஸ்பூல் டெக்குகளைப் பற்றிப் பேசுகிற ரசிகர்கள் எல்லாரும் ஒலியின் தரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். வால்வின் இதம், நாடாவின் மென்மை, இன்றைய டிஜிட்டலில் வராத ஏதோ ஒன்று. எனக்கு அதில் பாதி சம்மதம். காருகுறிச்சியின் விஷயத்தில் அந்தப் பெட்டிகள் செய்த பெரிய உபகாரம் நேரம். தரத்தைப் பொறுத்தவரை அவை கொடுத்தது பாதி, எடுத்துக்கொண்டது பாதி. எதைக் கொடுத்தன, எதை எடுத்தன என்று தெரிந்துகொள்ளப் பெட்டிக்குள்ளே போக வேண்டும்.

ஏ.இ.ஜி. கம்பெனியின் 'மேக்னெட்டோஃபோன்' 1935-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சிக்கு வந்தது. நாடா செய்து கொடுத்தது பி.ஏ.எஸ்.எஃப். மறுவருஷம் நவம்பரில், தாமஸ் பீச்சம் நடத்திய லண்டன் இசைக்குழுவின் கச்சேரியை லுட்விக்ஸ்ஹாஃபனில் பதிந்தார்கள். மணல் கொட்டுகிற மாதிரி இரைச்சல் அதில் உண்டு. இரும்புத் துகளுக்கு ஒரு சோம்பல் இருக்கிறது: சின்னக் காந்த விசைக்கு அசையாது, ஒரு அளவுக்கு மேல் போனால்தான் திரும்பும். அந்தச் சோம்பலைப் போக்க நேர்மின்சாரத்தைக் கலந்து பார்த்தார்கள்; இரைச்சல் கூடியதுதான் மிச்சம். 1940-ல் வால்டர் வெபர் என்ற பொறியாளரின் ஆம்ப்ளிஃபையர் ஒன்று கோளாறாகி, காதுக்கு எட்டாத உச்ச அதிர்வில் தானாகவே ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அதில் பதிந்த நாடாவை ஓட்டினால் இரைச்சல் அடங்கி, பாட்டு பளிச்சென்று வந்தது. கேட்காத அந்த அதிர்வு துகள்களை ஓயாமல் உலுக்கி, சோம்பலை முறித்துவிடுகிறது. இதுதான் பயாஸ். (இதே உத்திக்கு அமெரிக்காவில் 1920-களிலேயே காப்புரிமை எடுத்திருந்தார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை.) அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஸ்பூல் டெக்கின் உயிர்நாடியும் அந்தக் கோளாறுதான்.

யுத்தம் முடிந்ததும் ஜாக் மல்லின் என்ற அமெரிக்க ராணுவத்தான் இரண்டு மேக்னெட்டோஃபோன்களையும் ஐம்பது ஸ்பூல்களையும் ஊருக்கு அனுப்பிவைத்தார். 1946 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் ஓட்டிக் காட்டினார். நேரலையில் பாடிப் பாடி அலுத்திருந்த பாடகர் பிங் கிராஸ்பி, 1947-ல் தன் வானொலி நிகழ்ச்சிகளை நாடாவில் பதியத் தொடங்கினார்; 1948-ல் ஆம்பெக்ஸ் தன் முதல் மெஷினை விற்றது. ஜெர்மனியில் குருண்டிக், டெலிஃபுங்கன், ஹாலந்தில் பிலிப்ஸ் ஆகியவை வீட்டு மெஷின்களைச் செய்து குவித்தன. ஜப்பானிலிருந்து அகாயும் சோனியும் சேர்ந்துகொண்டன. நம் பக்கம் வந்தவை பெரும்பாலும் இந்த வீட்டு ரகம்தான்.

வந்த வழி கடல் வழி. சிலோன், சிங்கப்பூர், பினாங்கு போய்வந்தவர்களின் சாமான்களோடு வந்தது. வாங்கிவைத்திருந்தவர்கள் மில் முதலாளி, டாக்டர், வக்கீல், கொஞ்சம் வசதியான சங்கீதப் பைத்தியம் என்று ஒரு சின்னக் கூட்டம். கல்யாண வீட்டில் மைக்செட்காரரின் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் ஒரு பெஞ்சைப் போட்டு, தூக்கினால் கை இறங்குகிற அந்தப் பெட்டியை வைத்தால், சீர்வரிசையைவிட அதைப் பார்க்கக் கூட்டம் நிற்கும். ஸ்பூல் சுற்றும், ஒரு பச்சைக் கண் விரிந்து சுருங்கும். 'மேஜிக் ஐ' என்கிற அந்த வால்வுதான் ஒலி அளவு காட்டி. கண் மூடிக்கொண்டால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம்.

நாயனமும் தவிலும் அந்தக் கண்ணுக்கு வைத்த சோதனை சாதாரணமில்லை. நாயனம் கூம்பு வடிவக் குழல். ஆச்சா மரத்தில் கடைந்தது, இரட்டை நாக்குச் சீவாளி வைத்தது. அதன் பலம் அடிச்சுரத்தில் இருப்பதைவிட, கூடவே கிளம்புகிற மேல் அதிர்வுகளில்தான் அதிகம். திறந்த வெளியில் அரை மைல் கேட்பது அதனால்தான். நாடாவுக்கோ மேல் அதிர்வுகள்தான் பலவீனம். வேகம் குறையக் குறைய நாடாவில் அந்த அலைகள் நெருக்கி எழுதப்படும்: விநாடிக்கு 9.5 செ.மீ. வேகத்தில், பத்தாயிரம் ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் முழு நீளமே பத்து மைக்ரானுக்குள் அடங்கிவிடும். அவ்வளவு நெருக்கத்தில் காந்தம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. அதை ஈடுகட்ட, பதியும்போதே மேல் அதிர்வுகளைத் தூக்கிக் கொடுக்கிறது மெஷின். வீணைக்கு இது பரவாயில்லை. நாயனத்துக்கு ஏற்கெனவே அங்கேதான் பலம். அதையும் தூக்கிக் கொடுத்தால் நாடா நிரம்பி வழிந்துவிடும். நிரம்பிய நாடா முரட்டுத்தனமாக உடைவதில்லை, மெதுவாக வளைந்துகொடுக்கும். ஒலியின் கூர்முனை மழுங்கும்.

பழைய ஸ்பூலில் காருகுறிச்சியைக் கேட்கிறவர்கள் தேன் என்கிறார்கள். அந்தத் தேனில் கொஞ்சம் நாடா கலந்தது. நேரில் கேட்டவர்களும் அவர் வாசிப்பின் குழைவைத்தான் சொன்னார்கள். ஒரு கமகத்தை அவர் வளைக்கிற விதத்தை எந்த நாடாவும் உண்டாக்கிவிட முடியாது. ஆனால் நாதத்தின் நிறம் என்று ஒன்று இருக்கிறதே, சீவாளியின் அந்த முதல் கடி, உச்சஸ்தாயியில் காது மடல் சுடுகிற அந்தக் காரம், அது 9.5-ல் ஓடிய வீட்டு நாடாவில் இல்லை. ஆகவே அவருடைய நாதம் இப்படித்தான் இருந்தது என்று ஸ்பூலை வைத்துச் சத்தியம் செய்ய நான் தயாரில்லை. அவருடைய ராகம் இப்படித்தான் நடந்தது என்று சத்தியம் செய்யலாம்.

தவிலின் கதை வேறு. ஒரு உருப்படியான அடியின் உச்சம் கண்மூடித் திறப்பதற்குள் வந்து போய்விடும். நாயனத்துக்கு அளவு வைத்தால் தவில் நாடாவை முட்டும்; தவிலுக்கு வைத்தால் நாயனம் இரைச்சலுக்குள் இறங்கும். வால்வுக் காலத்துப் பதிவுகளில் தவில் சற்று அமுங்கி, ஆனால் சேதமில்லாமல் இருக்கிறது. பின்னால் வந்த மெஷின்களில் அளவைத் தானாகச் சரிசெய்கிற ஏற்பாடு வந்ததே, அது வந்து கெடுத்தது. தவிலில் ஒரு அடி விழுந்ததும் மெஷின் பயந்து எல்லாவற்றையும் குறைக்கும். நாயனம் உள்வாங்கி, மெதுவாக மறுபடி மேலே வரும். தனி ஆவர்த்தனம் முழுக்க, சுருதிக்கு ஊதுகிற ஒத்து ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வசதி என்று விற்ற சமாச்சாரம்.

இனி எலெக்ட்ரானிக்ஸ். நாடா உரசிப் போகும்போது ஹெட்டில் கிளம்புகிற மின்சாரம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. அதுவும் சுரம் ஒரு ஸ்தாயி இறங்கினால் பாதியாகக் குறையும். ஆகவே கீழ் அதிர்வுகளை ஆம்ப்ளிஃபையர் பலமடங்கு தூக்க வேண்டும். அப்படித் தூக்கும்போது பக்கத்தில் ஓடுகிற மோட்டாரின், டிரான்ஸ்ஃபார்மரின் 50 ஹெர்ட்ஸ் ஹம்மும் சேர்ந்து எழும். ஐரோப்பிய மெஷின்களில் இந்த முதல் படியில் உட்கார்ந்திருந்தது இ.எஃப். 86 என்ற வால்வு. மைக்ரோஃபோனுக்கும் ஹெட்டுக்கும் என்றே இரைச்சல் குறைத்து வடிவமைத்தது. அந்த வால்வு நல்ல வால்வுதான். ஆனால் 'வால்வின் இதம்' என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு வால்வினுடையது அல்ல என்பது என் கட்சி. வருஷக்கணக்கில் சூட்டில் வெந்த தாள் கண்டன்ஸர் கசியும். பயாஸ் கூடும் அல்லது குறையும். பயாஸ் கூடினால் மேல் அதிர்வு விழுந்து ஒலி மெத்தென்று ஆகும். குறைந்தால் பளிச்சென்று, ஆனால் கரகரப்பாக ஆகும். ஒவ்வொரு கம்பெனி நாடாவுக்கும் வேறு வேறு அளவு பயாஸ் வேண்டும். கிடைத்த நாடாவை வாங்கி ஓட்டிய ஊரில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? கண்டன்ஸரை மாற்றி, பயாஸைச் சரிபார்த்துவிட்டு அதே மெஷினை ஓட்டினால் இதத்தில் முக்கால்வாசி மறைந்துவிடும். மீதி கால்வாசிக்கு, முதலில் கேட்டபோது கேட்டவருக்கு இருபது வயது என்பதும் ஒரு காரணம்.

இன்னொரு குழப்பம், ஒரு மெஷினில் பதிந்ததை மற்றொன்றில் ஓட்டுவது. மேல் அதிர்வை எவ்வளவு தூக்குவது, திரும்ப எவ்வளவு இறக்குவது என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு கணக்கு, அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஒரு கணக்கு. 19 செ.மீ. வேகத்தில் முன்னதற்கு 70 மைக்ரோ விநாடி, பின்னதற்கு 50. ஐரோப்பியக் கணக்கில் பதிந்த ஸ்பூலை ஜப்பான் மெஷினில் ஓட்டினால் உச்ச அதிர்வுகளில் சுமார் மூன்று டெசிபல் காணாமல் போகும். அதைக் கேட்டுவிட்டு "பழைய நாடா, மங்கிப்போச்சு" என்று ஒதுக்கியவர்கள் உண்டு. நாடா மங்கவில்லை, கணக்குப் புத்தகம் மாறிவிட்டது.

சுருதி விஷயத்துக்கு வருவோம். கரெண்டு சீராக இல்லாத ஊரில் இதுதான் பெரிய வம்பு. வீட்டு மெஷினின் மோட்டார், மின்சாரத்தின் அதிர்வெண்ணை நம்பி ஓடுவது. திருவிழாவில் சீரியல் செட் விளக்கு, குழாய் ஸ்பீக்கர், மாவு மில் எல்லாம் ஒரே லைனில் இழுக்கிறபோது வோல்டேஜ் விழுந்தால் மோட்டார் சற்றே தளரும். 50 ஹெர்ட்ஸ் 48 ஆகிவிட்டால் வேகம் நூற்றுக்கு நான்கு குறையும். குறைந்த வேகத்தில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். அரைக் கட்டைக்கு நூற்றுக்கு ஆறு என்று வைத்துக்கொண்டால், இது அரைக் கட்டையில் மூன்றில் இரண்டு பங்கு. ராஜரத்தினம் பிள்ளை வழியில் வந்தவர்கள் வாசித்தது பாரி நாயனம். இரண்டு, இரண்டரைக் கட்டைப் பக்கம் நிற்கிற, நீண்ட, கனத்த குழல். பழைய திமிரி நாயனமோ நாலு கட்டைக்கு மேலே. வேகம் பிசகிய பிரதியைக் கேட்டு, பாரியை இடைப்பட்ட ஏதோ ஒன்று என்று தீர்ப்பு எழுதிவிட இடமிருக்கிறது. சுருதி மட்டுமல்ல, காலப்பிரமாணமும் கூடவே ஓடும். விரலின் வேகத்தைப் பாராட்டுகிறவர் மின்வாரியத்தைப் பாராட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

இதற்கு மருந்தும் அந்த நோய்க்குள்ளேயே இருக்கிறது. எல்லாரும் திட்டுகிற ஹம் நாடாவில் பதிந்திருக்கிறதல்லவா? பதிந்த அன்றைக்கு வோல்டேஜ் விழுந்து மோட்டார் எப்படித் தளர்ந்தது என்பதற்கு அது சாட்சி (மின்சாரத்தின் அதிர்வெண்ணே இறங்கினால் ஹம்மும் மோட்டாரும் சேர்ந்தே இறங்கும், அது ஹம்மில் தெரியாது). கம்ப்யூட்டரில் அந்த ஹம்மின் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால், எந்த இடத்தில் வேகம் தளர்ந்தது, எங்கே சுதாரித்தது என்று ஊகித்துத் திருத்தலாம். அதைவிட நல்ல சாட்சி ஒத்து. ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருக்கிற ஒத்துக்காரரை யாரும் கவனிப்பதில்லை. கச்சேரி முழுக்க அவர் சுரம் மெல்ல ஏறினால் அவர்மேல் தப்பில்லை, மெஷின்மேல். நல்ல ஹெட்டும் நல்ல ஆம்ப்ளிஃபையரும் இருந்தால் பயாஸ் அதிர்வையே நாடாவிலிருந்து மீட்டு, அதை அளவுகோலாக வைத்து நொடிக்கு நொடி நடுக்கத்தைத் திருத்துகிற முறையும் இப்போது உண்டு.

கரிசல் மண் இந்த நாடாக்களை என்ன செய்தது? இந்த வறட்சிக் காற்றில் மருந்துக்குச்சி சீக்கிரம் காயும். தீப்பெட்டித் தொழில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று வேர் பிடித்ததற்கு அது ஒரு காரணம். அதே வறட்சி நாடாவுக்கும் ஒரு வகையில் காவல். கடற்கரை ஊர்களில் ஸ்பூல்கள் பூஞ்சை பூத்துக் கெடுகின்றன. பழைய அசிட்டேட் நாடா ஈரத்தில் சிதைந்து காடி நாற்றம் அடிக்கும். 1970-கள் தொட்டு வந்த சில நாடாக்களில் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அவற்றை 54 டிகிரிச் சூட்டில் சில மணி நேரம் காயவைத்துத்தான் ஓட்ட முடியும். அந்தத் தொல்லை இங்கே குறைவு. பதிலுக்கு வேறு தொல்லை. அதிகம் காய்ந்த அசிட்டேட் அப்பளம். ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் ஒளி ஊடுருவுவது அசிட்டேட். இருட்டாகத் தெரிவது பாலியெஸ்டர். அசிட்டேட் நறுக்கென்று ஒடியும், ஒட்டிவிடலாம், ஒரு சுரமும் நஷ்டமில்லை. பாலியெஸ்டர் ஒடியாது, ஜவ்வாக இழுபடும். இழுபட்ட இடத்தில் இருந்த சங்கீதம் போனது போனதுதான்.

சூடு இன்னொன்று செய்யும். சுற்றுக்குச் சுற்று ஒட்டிக் கிடக்கிற நாடாவில் ஒரு சுற்றின் காந்தம் அடுத்த சுற்றில் நிழலாக விழும். நாயனம் தொடங்குவதற்குச் சில விநாடி முன்பே தூரத்தில் அதே பிடி மெல்லக் கேட்பது அந்த நிழல். நாடா மெல்லியதாக இருந்தால் நிழல் கூடும். காசுக்கு அதிக நேரம் கிடைக்கும் என்று எல்லாரும் தேடி வாங்கியது மெல்லிய 1800 அடி நாடாவைத்தான். தகர பீரோவின் மேல்தட்டிலும் ஓட்டுக்கு அடியில் பரணிலும் அறுபது கோடையைக் கழித்த ஸ்பூலில் நிழல் இல்லாமல் இருக்காது.

தூசிதான் ஆகப் பெரிய எதிரி. மண்ணியலில் இரண்டு மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட துகளைத்தான் களித்துகள் என்கிறார்கள்; கரிசலில் அதுதான் மிகுதி. நாடாவுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மைக்ரான் இடைவெளி விழுந்தால் போதும், 9.5 வேகத்தில் பத்தாயிரம் ஹெர்ட்ஸில் ஐந்து டெசிபலுக்கு மேல் நஷ்டம். சித்திரைக் காற்றில் பறக்கிற புழுதி ஒன்று ஹெட்டில் உட்கார்ந்தால் நாயனம் போர்வைக்குள் போய்விடும். ரேடியோ மெக்கானிக்குகள் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைத்துவிட்டு ஓட்டிக் காட்டி, "இப்பக் கேளுங்க அண்ணாச்சி" என்பதில் அவ்வளவு உண்மை இருந்தது. ஆயிரக்கணக்கில் செலவழித்து மெஷின் மாற்றியவர்களுக்குக் கிடைக்காத தரம் நாலணாப் பஞ்சில் கிடைத்தது.

1963-ல் பிலிப்ஸ் கம்பெனி பெர்லினில் கேசட்டைக் காட்டியது. அது இங்கே வீடுகளை எட்டப் பத்துப் பதினைந்து வருஷம் ஆனது. எட்டியதும் ஸ்பூல் பெட்டிகள் பரணேறின. விநாடிக்கு 4.76 செ.மீ. வேகம், ஸ்பூல் நாடாவில் முக்கால் அகலம்கூட இல்லாத நாடா. தரம் இறங்கியது என்று யாரும் அழவில்லை. ஸ்பூலிலிருந்து கேசட்டுக்கு, கேசட்டிலிருந்து நண்பரின் கேசட்டுக்கு என்று காருகுறிச்சி பரவினார். ஒவ்வொரு பிரதியும் தன் இரைச்சலையும் வேகப் பிசகையும் சேர்த்துக்கொண்டது. மோரில் ஆளாளுக்குத் தண்ணீர் விட்ட கதை. சிலர் பதிந்ததே வானொலியிலிருந்து. மத்திய அலையில் ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் வராது. அப்படிப்பட்ட பதிவை ஓட்ட ரெவாக்ஸ் நல்லதா, அகாய் நல்லதா என்று வாதாடுவது பொழுதுபோக்கு.

அழிந்ததும் உண்டு. நாடா விலை கூடிய பொருள். புதுப் படப்பாட்டு வேண்டுமென்றால் பழைய கல்யாணத்து மேளத்தின் மேலேயே பதிந்தார்கள். வீடுகளை மட்டும் குறை சொல்வானேன். உலகம் முழுக்க வானொலி நிலையங்களே நாடாவை அழித்து அழித்துப் புழங்கின. ஆனால் இங்கே ஒரு சின்ன நம்பிக்கை. பழைய மெஷின்கள் நாடாவின் பாதி அகலத்தில் பதிந்தவை. பின்னால் வந்தவை கால் அகலத்தில். அகலப் பதிவின் மேல் குறுகிய ஹெட் அழித்துவிட்டுப் போனால், ஓரத்தில் பழையது மிஞ்சி நிற்கும். டி. எம். சவுந்தரராஜன் பாட்டுக்குப் பக்கத்து வரப்பில் ஒரு நாயனம் கிடக்கலாம். ஸ்பூலைத் திருப்பிப் போட்டால் அது பின்னோக்கி ஓடும். கம்ப்யூட்டரில் பதிந்து தலைகீழாக்கினால் நேராகும். படப்பாட்டு என்று எழுதிய அட்டைப்பெட்டியை எடைக்குப் போடும் முன் இதை ஒருமுறை பார்ப்பது நல்லது.

காருகுறிச்சியின் நூற்றாண்டையொட்டிச் சிலர் ஊர் ஊராகப் பதிவுகளைத் தேடினார்கள். லலிதாராமின் 'காருகுறிச்சியைத் தேடி' அந்தத் தேடலில் விளைந்த புத்தகம். தேடிக் கிடைப்பதை எப்படிக் கணினிக்கு மாற்றுவது என்பதில் இனி ரகசியம் எதுவும் இல்லை. நாடாவைப் பதிந்த வேகம், அகலம், கணக்கு மூன்றையும் கண்டுபிடிக்க வேண்டும். ஹெட்டின் சாய்வை ஒவ்வொரு நாடாவுக்கும் காதால் கேட்டுத் திருத்த வேண்டும். ஒரு ஸ்க்ரூதான், ஆனால் மேல் அதிர்வின் தலைவிதி அதில் இருக்கிறது. முடிந்தவரை முதல் பிரதி வேண்டும். இரைச்சலை நீக்குகிற மென்பொருளைத் தள்ளிவைக்க வேண்டும்; அது இரைச்சலோடு மூச்சையும் தின்றுவிடும், ஹம்மையும் துடைத்துவிடும். மாற்றி முடித்த பிறகு ஸ்பூலைத் தூக்கி எறியக் கூடாது. நாளைக்கு இதைவிட நல்ல ஹெட் வரலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்தவர்கள்கூட, யூடியூபில் ஏற்றும்போது கத்தரியை எடுத்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் ஒத்து மட்டும் ஒலிக்கிற அரை நிமிஷம் வெறும் சத்தமாம், அது முதலில் போகிறது. சுருதியைத் திருத்த இருந்த சாட்சியும் அதோடு போகிறது. அடுத்து தவில் தனி. அடுத்து, ஒரே சுரத்தில் நின்று நிதானிக்கிற இடங்கள். நாற்பது நிமிஷ ஆலாபனை ஆறு நிமிஷமாக ஏறுகிறது. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தைவிட இரண்டரை நிமிஷம் கூடுதல்.